கொடுங்கையூர் குப்பை மலைக்கு யார் ஜவாப்?

சுமார் நாற்பது வருஷமாகச் சென்னை நகரின் வடபாதிக் குப்பை முழுவதும் கொடுங்கையூரில் வந்து விழுந்திருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் குப்பை மட்டுமல்ல. அண்ணா நகர் பங்களாக்களின் குப்பையும் லாரி ஏறி இங்கேதான் வந்தது. மேட்டைச் சுற்றி வசிப்பவர்கள் யார்? வியாசர்பாடி, எழில் நகர், ஆர்.கே. நகர் பக்கத்துக் கூலித் தொழிலாளிகள். காற்று திரும்பினால் இவர்கள் வீட்டில் சோற்றில் கை வைக்க முடியாது.

நாற்றம் ஒன்றுதான் தொல்லை என்றால் எப்படியோ மூக்கைப் பொத்திக்கொண்டு காலம் தள்ளலாம். விஷயம் அதோடு நிற்கவில்லை. ஈரக் குப்பையை மலைபோல் குவித்தால் அடியில் காற்றுப் புகாது. அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்பும். ஒரு பொறி போதும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீயை அணைக்கப் பன்னிரண்டு நாள் பிடித்தது. மழைநீர் ஊறினால் மலையே சரியும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை குடிசைகள் மேல் விழுந்து முப்பதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தில்லி காஜிப்பூரில் இருவர் பலி. மாண்டவர்களில் பங்களாவாசி ஒருவர் உண்டா?

2024 முதல் கொடுங்கையூரில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் மலையைக் கரைக்கும் அதே இடத்தில், தினம் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை அமைக்கவும் கார்ப்பரேஷன் திட்டம் போட்டது. 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று இதை எதிர்த்தார்கள்.

எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? எண்ணூரில் அனல் மின் நிலையங்கள், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவி எண்ணூர் மீனவர் வலையும் படகும் நாசமாயின. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவும் சுவாசித்தவர்களுக்குக் குப்பைப் புகையும் வேண்டுமாம்! பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற கொடிய விஷம் வரும். மிஞ்சும் சாம்பலையும் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்?

தில்லி திமார்பூரில் 1987-இல் இதேபோல் உலை வைத்துப் பார்த்தார்கள். நம் ஊர்க் குப்பையில் ஈரம் அதிகம், சரியாக எரியவில்லை, மூடிவிட்டார்கள்.

"அப்படியானால் குப்பையை உங்கள் தலையிலா கொட்டுவது?" என்று அதிகாரிகள் கேட்கலாம். இத்தனை காலம் எங்கள் தலையில்தானே கொட்டினீர்கள்! பதில் கஷ்டமானதல்ல. மில்லில் கழிவுப் பஞ்சையும் நல்ல பஞ்சையும் கலந்தா மிஷினில் போடுகிறோம்? எருக்குழியில் கண்ணாடிச் சில்லைக் கொட்டும் விவசாயத் தொழிலாளி உண்டா? வீட்டு வாசலிலேயே பிரித்துவிட்டால் ஈரக் குப்பை எருவாகும், பிளாஸ்டிக்கும் காகிதமும் ஆலைக்குத் திரும்பும். மேட்டுக்குப் போவது கொஞ்சம்தான். 2016-இல் மத்திய சர்க்கார் போட்ட விதிகளே இதைத்தான் கூறின.

பிரிப்பதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் வேஷம் கலைகிறது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் விட்டார்கள். வேலை பறிபோன தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13-ந் தேதி இரவு போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. தெருத்தெருவாகக் குப்பையை அறிந்த கைகளை விரட்டிவிட்டு, கோடிக்கணக்கில் உலை வாங்க நினைப்பது யாருக்கு லாபம்? உலை வைத்தவன் தினம் 2,100 டன் கொடு என்பான். பிறகு குப்பையைக் குறைக்க எந்தக் கார்ப்பரேஷன் முன்வரும்?

எரி உலைத் திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும். துப்புரவுத் தொழிலாளிகளை நிரந்தரமாக்கிப் பிரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டும். மேட்டைச் சுற்றியுள்ள கிணற்று நீரையும் காற்றையும் மாதந்தோறும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதித் தெருமுனையில் போர்டு வைக்க வேண்டும். இந்த மூன்றையும் அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனு பெற்றதற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.