4.7 விநாடியில் ஒரே கேள்வி

கடைசி டைம் அவுட்டில் நம் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் பலகையில் போடும் அம்புக்குறிகளைப் பார்த்தால் சில சமயம் ஆட்டக்காரர்கள்மேல் பரிதாபம் வரும். முதலில் இவர், இவரை அடைத்துவிட்டால் அவர், அதுவும் நடக்காவிட்டால் வளையத்தடியில் நிற்கும் உயரமானவர், எதுவுமே கூடாவிட்டால் மூலையில் ஒருவர். பலகையில் நான்கு வழி இருக்கிறது. ஐந்து விநாடிக்குள் பந்து வைத்திருப்பவர் இரண்டைப் பார்த்தாலே பெரிது. வரிசையில் நிற்கும் வாய்ப்புகள் நேரத்தைத் தின்கின்றன. ஒரே ஓட்டத்தில் எல்லாம் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும்.

2016 ஏப்ரல் 4 அன்று ஹூஸ்டனில் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். நார்த் கரோலைனாவின் மார்க்கஸ் பெய்ஜ் அந்தரத்தில் உடலை முறுக்கி எறிந்த மூன்று புள்ளி ஷாட் விழுந்து 74-74. மீதி 4.7 விநாடி. எதிரணியான வில்லனோவா புதிதாக எதையும் வரையவில்லை. பயிற்சியில் ஓடி ஓடிப் பழகிய ஆட்டத்தையே எடுத்தது. கிரிஸ் ஜென்கின்ஸ் கோட்டுக்கு வெளியிலிருந்து ரையன் ஆர்சிடியாகோனோவிடம் பந்தைக் கொடுத்தார். நடுக்கோட்டருகே டேனியல் ஒச்செஃபு தடுப்பாளரின் வழியை மறித்து ஸ்கிரீன் போட்டார். (முன்னதாகத் தரை ஈரமாக இருக்கிறதென்று துடைப்பத்தை வாங்கி அவரே துடைத்தார். அதையும் திட்டத்தில் ஒரு பகுதியாகத்தான் நான் எண்ணுகிறேன்.)

ஆர்சிடியாகோனோ தானே ஷாட் எடுக்கலாம், பக்கத்தில் ஓடுபவருக்குத் தரலாம், பின்னால் வரும் ஜென்கின்ஸிடம் விடலாம். வழிகள் பல. ஆனால் அவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது தடுப்பாளர் தன்மேல் வருகிறாரா? வந்தார். பந்து பின்னால் போனது. ஜென்கின்ஸின் ஷாட்டைத் தடுக்க நார்த் கரோலைனாவின் ஐசையா ஹிக்ஸ் தாவியபோது தாமதமாகிவிட்டது. வில்லனோவாவுக்கு வெற்றி, 77-74.

பந்தை உள்ளே போட்டவரைத் தடுப்பாட்டம் எளிதில் மறந்துவிடும் என்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. நம் பலகைகளிலோ பந்தைக் கொடுத்ததும் அவருடைய கோடு நின்றுவிடுகிறது.

சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியில் நமக்கு இன்னொரு தெரிவும் உண்டு. நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களில் நம் பக்கத்தில் நமக்குக் கிடைத்த பந்துக்கு டைம் அவுட் எடுத்தால், எதிர்ப்பக்கத்து த்ரோ-இன் கோட்டிலிருந்தும் தொடங்கலாம். பலர் யோசிக்காமல் முன்னால் போகிறார்கள். ஒரு விநாடிதான் இருக்கிறதென்றால் அது சரி. நான்கைந்து இருந்தால், வேகமாக ஓடிவரும் கார்டையும் பின்வாங்கிக்கொண்டே தடுக்கும் எதிரணியையும் நாமே கைவிடுகிறோம்.

தவறிய ஷாட்டையும் ஒரு வாய்ப்பாகவே வரைய வேண்டும். 2013 என்.பி.ஏ. இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மயாமி 95-92 எனப் பின்தங்கியிருந்தது. எதிரணியான சான் அன்டோனியோ தன் உயரமான ஆட்டக்காரர் டிம் டங்கனை வெளியே உட்காரவைத்திருந்தது. லெப்ரான் ஜேம்ஸின் ஷாட் தவற, கிரிஸ் பாஷ் ரீபவுண்டைப் பிடித்தார். பின்னோக்கி நகர்ந்தே மூலைக்குப் போன ரே ஆலன் 5.2 விநாடி மீதியிருக்கச் சமன் செய்தார். பின்தங்கியிருக்கும் அணி கடைசி நொடிவரை காத்திருந்தால் இந்த இரண்டாம் ஷாட்டுக்கு இடமே இல்லை. சமநிலையில் காத்திருப்பது வேறு கணக்கு.

பயிற்சியில் அந்த ஒரே கேள்வியைச் சோதிக்கச் செலவில்லை. தடுப்பவர்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவையுங்கள்: இம்முறை பந்தின்மேல் இருவர் பாயுங்கள், அடுத்த முறை யாரும் அசையாதீர்கள். கடிகாரத்தில் ஐந்து விநாடி வையுங்கள். கார்டின் முடிவு ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் பலகையில் இரண்டு அம்புகளை அழிக்கலாம்.