14 கி.மீ. கிரிவலம் = மூன்றரை மெதுவடை: கலோரி கணக்கு எங்கே சறுக்குகிறது?

பௌர்ணமி இரவு, திருவண்ணாமலை. கிரிவலத்தை முடித்துவிட்டு நான்கு இளைஞர்கள் ஓட்டல் வாசலில் நின்று ஸ்மார்ட்வாட்ச்சைப் பார்க்கிறார்கள். “மச்சான், 900 கலோரி காலி! இனி என்ன வேணா சாப்பிடலாம்டா.” அடுத்த இருபது நிமிடத்தில் ஆளுக்கு ஒரு பொங்கல், ரெண்டு மெதுவடை, ஒரு நெய் ரோஸ்ட், ஒரு காபி. மலையைச் சுற்றிய புண்ணியம் அப்படியே இருக்கும். கலோரி கணக்கு மட்டும் பில் வருவதற்குள் கடனுக்குப் போயிருக்கும்.

பௌர்ணமிதோறும் அரங்கேறும் காட்சிதான் இது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், தமிழ்நாட்டின் எடை சிரிக்கிற நிலையில் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடும் உடல் பருமனோடும் இருந்தார்கள். 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம், 37 சதவீதமாக ஏறியது. 2025 ஜூலையில் சமோசா, ஜிலேபிக்கு எச்சரிக்கை வாசகம் வரப்போகிறது என்று ஒரு செய்தி பரவி, பிறகு மத்திய அரசே மறுக்க வேண்டியதாயிற்று. அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைச் சொல்லும் பலகை வையுங்கள் என்ற ஆலோசனைதான் அப்படி உருமாறியிருந்தது. வடைக்கடை அண்ணனுக்கு நிம்மதி. சாப்பிடுபவர்களின் குழப்பம் மட்டும் தீரவில்லை.

கலோரின்னா என்ன?

கலோரி என்பது சூட்டை அளக்கும் அலகு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான சக்திதான் உணவு லேபிளில் வரும் ஒரு கலோரி. கறாராகச் சொன்னால் அது கிலோகலோரி. புழக்கத்தில் ‘கிலோ’ கழன்றுவிட்டது. ஒரு மெதுவடையில், அளவையும் அது குடித்த எண்ணெயையும் பொறுத்து, சுமார் 140 கலோரி இருக்கும். குழாயில் பிடித்த 2 லிட்டர் தண்ணீரை, 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அந்தச் சக்தி போதும். ஒரே ஒரு வடை!

இப்போது நடையைப் பார்க்கலாம். கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு நாலரை கி.மீ. வேகத்தில் நடந்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். அதற்குள் உடல் செலவழிப்பது ஏறக்குறைய 720 கலோரி. ‘அப்போ அஞ்சு வடை!’ என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த மூன்று மணி நேரம் வீட்டில் சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் பார்த்திருந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, மூளை இயங்க 230 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், நடந்ததற்காகக் கூடுதலாகச் செலவானது 490 கலோரிதான். 140ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றரை வடை. நெய் ரோஸ்ட்டும் பொங்கலும் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

வாட்ச் 900 என்று காட்டியதே? இதயத்துடிப்பை எண்ணுவதில் இந்தக் கருவிகள் கெட்டி. கலோரியில் கோட்டை விடுகின்றன. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இருப்பதிலேயே துல்லியமான கருவிகூட கலோரி செலவில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். பக்கத்துக் கடையில் தராசு இப்படி இருந்தால் சண்டைக்குப் போயிருப்போம்.

சரி, வருஷத்தில் 12 பௌர்ணமிக்கும் விடாமல் நடந்தால்? 12 முறை 490, மொத்தம் 5,880. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி தேங்கியிருக்கிறது என்று வைத்தால், ஆண்டு முழுக்கச் சேர்ந்தும் முக்கால் கிலோதான் குறையும். அதுவும் நடந்து முடித்த பிறகு வடைக்கடைப் பக்கம் திரும்பாமல் இருந்தால்.

காலையில எடை குறைஞ்சிருக்கே?

கிரிவலம் போய்வந்த மறுநாள் எடை மெஷினில் ஏறி ஒரு கிலோ குறைந்ததைப் பார்த்து உற்சாகமாகிறவர்கள் உண்டு. போனதில் பெரும்பகுதி தண்ணீர். வியர்ப்பது உடலைக் குளிர்விக்கத்தான். கொழுப்பு அந்த வழியாக ஒழுகி வெளியேறுவதில்லை. இரண்டு செம்பு தண்ணீர், ஒரு வேளை சாப்பாடு, போன கிலோ வீடு திரும்பிவிடும். வியர்க்க வேண்டும் என்பதற்காக ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு மிஞ்சுவது நீரிழப்பும் தலைசுற்றலும்தான்.

விரதமா, பலகாரமா?

பல வீடுகளில் ‘இன்னைக்கு விரதம்’ என்றால் ‘இன்னைக்கு சோறு கிடையாது’ என்று அர்த்தம். சோற்றுக்குப் பதில் இட்லி, கேசரி, வடை, பாயசம். விரத நாளில் சாதாரண நாளைவிட அதிகமாக உள்ளே போன வரலாறு எத்தனையோ குடும்பங்களில் உண்டு. பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அதை டயட் கணக்கில் எழுதும்போதுதான் சிக்கல்.

இதன் நவீன வடிவம்தான் ராத்திரி சப்பாத்தி. ‘நைட்டு சாதத்தை விட்டுட்டேன், ஆனா வெயிட் இறங்கவே மாட்டேங்குது’ என்ற புலம்பலைக் கேட்காத அலுவலகம் இருக்காது. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், நூறு கிராம் கோதுமை மாவில் 320 முதல் 340 வரை. கோதுமை மாவில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தவாவில் எண்ணெய் விட்டு எடுத்த நாலு சப்பாத்தி, தேங்காய் அரைத்த குருமா என்று போனால், விட்ட சாதத்தைவிட அதிகமாகத்தான் சேரும். சப்பாத்தி மேல் தப்பில்லை. எண்ணிக்கையும் எண்ணெயும்தான் காரணம்.

இனிப்பிலும் இதே கதை. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறியவர்கள் இரண்டு ஸ்பூன் கூடவே போட்டுக்கொள்கிறார்கள், ‘இது நேச்சுரல்’ என்று. வெல்லத்தின் கலோரி கிட்டத்தட்ட சர்க்கரைக்குச் சமம். தேனில் தண்ணீர் இருப்பதால் கொஞ்சம் குறைவு. வெறும் வயிற்றில் வெந்நீரும் எலுமிச்சையும் தேனும் குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு டேபிள்ஸ்பூன் தேன் 60 கலோரியைச் சேர்க்கும் என்பதற்கு உண்டு. செக்கு எண்ணெய்க்கும் விதிவிலக்கு இல்லை. நிலக்கடலைக்குப் பேர்போன மாவட்டம் திருவண்ணாமலை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வாசனையில் உசத்திதான். ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும், நெய்யே ஆனாலும், கொழுப்பின் கணக்கு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4.

இந்த எண்களை நாம் நம்புவதற்குக் காரணமான வேலை இந்தியாவில் தொடங்கியது நீலகிரியில். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களை வைட்டமின் பி1 குறைபாட்டால் தாக்கிய நோய் அது. அந்தப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. வயிற்றுக்குக் கலோரி கிடைத்தும் உடம்புக்குச் சத்து கிடைக்காமல் போகலாம் என்பதுதான் அதன் பிறப்புக் கதையே.

அந்த நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதே இடத்தைத்தான் தொடுகிறது. நம் மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நடைமுறையில் 50 முதல் 70 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது போடும் தட்டில் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், எண்ணெய் 27 கிராம். அதாவது, நாள் முழுக்கச் சமையலுக்கு ஆளுக்கு ஆறு டீஸ்பூன் எண்ணெய். 400 கிராம் காய்கறி என்பது, சாம்பாரில் நீந்தும் ரெண்டு முருங்கைக்காய்த் துண்டு அல்ல.

அப்போ நடக்கவே வேண்டாமா?

நடக்க வேண்டும், எடைக்காக மட்டும் அல்ல. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு கிரிவலம் அந்த வாரக் கோட்டாவை ஒரே இரவில் முடித்துவிடும். மாதத்தின் மற்ற மூன்று வாரமும்தான் காலியாகக் கிடக்கின்றன. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை என்று கலோரி கணக்குக்கே வராத லாபங்களும் நடையில் உண்டு.

வேடிக்கை முடியும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு சொன்னது. அவர்களில் பலரும் கிரிவலம் வருவார்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை வழக்கம்போலப் போட்டுவிட்டு, விரதமென்று சாப்பிடாமல் 14 கி.மீ. நடந்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் இதெல்லாம் அதன் அறிகுறிகள். கிரிவலப் பாதையில் இதைப் பார்க்கும் எவருக்கும் ‘நடந்த அசதி’ என்றுதான் தோன்றும். அங்கேதான் ஆபத்து. அப்படி வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். இந்த நேரத்தில் ‘டயட்ல இருக்கேன், சர்க்கரை வேண்டாம்’ என்பது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது கால். கிரிவலத்தை வெறுங்காலோடு போவதுதான் வழக்கம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கல் குத்தியதும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. காலையில் சின்னக் கொப்புளமாகத் தெரிவது சில வாரத்தில் ஆறாத புண்ணாகலாம். செருப்பில்லாமல் வெறும் சாக்ஸோடு நடப்பதும் இவர்களுக்குப் பாதுகாப்பில்லை. நடந்து முடித்த அன்றே பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தீர்வல்ல. ஊருக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: “டாக்டர், வர்ற பௌர்ணமிக்கு விரதம் இருந்து நடக்கலாமா? அன்னைக்கு எந்த மாத்திரையை எப்போ போடணும், எதை விடணும்?”