லட்டை நீயே தின்னு, சுட்கி

2020 ஜூன் மாதம். ஊரடங்குக் காலம். எட்டு வயதான என் மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து 'சோட்டா பீம்'தான். அன்றைக்கு என் தம்பி செல்போனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

"அக்கா, பீம் சுட்கியை ஏமாத்திப்போட்டானாமா. இளவரசி இந்துமதியைக் கட்டிக்கிட்டானாமா. ஊரே கொதிச்சுப்போய்க் கெடக்குது, பாரு."

நிஜமாகவே கொதித்துத்தான் கிடந்தது. 'சுட்கிக்கு நீதி வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஹேஷ்டேக். அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் இல்லை. 2008-இல் போகோ சேனலில் இந்தத் தொடர் தொடங்கியபோது குழந்தைகளாக இருந்து, இப்போது கல்லூரிக்கும் வேலைக்கும் போகிற வயதுக்காரர்கள். பாதி கேலி, பாதி நிஜக் கோபம். அவர்களுடைய குற்றப்பத்திரிகையைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இத்தனை வருடம் லட்டு கொடுத்தவளை விட்டுவிட்டு அரண்மனைக்காரியைக் கட்டிக்கொண்டான்.

அப்படி ஒரு கல்யாணமே கதையில் நடக்கவில்லை. தொடரைத் தயாரிக்கும் ஹைதராபாத் கிரீன் கோல்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. பீம், சுட்கி, இந்துமதி மூவரும் இன்னும் குழந்தைகள், கல்யாணச் செய்தி பொய், கள்ளமில்லாத அவர்கள் வாழ்க்கைக்குள் காதலையும் கல்யாணத்தையும் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த மீமுக்குப் போய்விட்டார்கள்.

என்னால் அப்படிப் போக முடியவில்லை. ஏனென்றால் அந்த வழக்கில் நானும் ஒரு வாதி. சுட்கிக்கு வாங்கித் தருவதாக அவர்கள் சொன்ன அந்த நீதியை, என் ஊர் எனக்கும் வாங்கித் தரப் பார்த்தது.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. தோலக்பூர் என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே பீம் என்கிற சிறுவன். லட்டு தின்றால் அவனுக்கு பலம் பெருகும். அந்த பலத்தில் கெட்டவர்களைத் தூக்கி அடிப்பான், ஊரைக் காப்பாற்றுவான், ராஜா இந்திரவர்மா அவனைப் பாராட்டுவார். அவனுடைய கூட்டத்தில் ராஜு, ஜக்கு என்ற குரங்கு, கூடவே சுட்கி. சுட்கியின் அம்மா டுன்டுன் மௌசி லட்டுக் கடை நடத்துகிறாள். அம்மா பார்க்காத நேரத்தில் லட்டை எடுத்து பீமுக்குக் கொடுப்பது சுட்கியின் வேலை. சுட்கி கோழை இல்லை, மக்கும் இல்லை. கூட்டத்தோடு சாகசத்துக்குப் போகிறாள், நல்ல யோசனை சொல்கிறாள். ஆனால் அவளை நினைத்தாலே நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? லட்டை நீட்டுகிற கை.

இப்போது என் கதை.

நான் பிறந்த பதினாறாம் நாளிலேயே என் மாமன், அதாவது என் அம்மாவின் அண்ணன், தொட்டிலைப் பார்த்து "இவ எங்கூட்டுக்குத்தான்" என்றாராம். அது வேடிக்கைப் பேச்சு. வேடிக்கைப் பேச்சாகவே பதினேழு வருடம் ஓடியது. நரசீபுரத்திலிருந்து மாமன் மகன் வீட்டுக்கு வந்தால் போதும், "அம்மிணி, மச்சானுக்குத் தண்ணி கொண்டாந்து குடு" என்று அம்மிச்சி குரல் கொடுக்கும். நோம்பிக்குச் சுட்ட கச்சாயத்தில் உடையாததாகப் பார்த்து எடுத்து அவனுக்கு வைக்க வேண்டும். நான் வைப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அவன்மீது கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. கச்சாயம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடைந்த துண்டுகள் என் பங்கு.

2004-இல் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் ஊரிலிருந்து வடவள்ளி வழியாக காந்திபுரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் வழியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அந்த வாசலுக்குள் போய்ப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் தோட்டத்துப் பாக்கு மரத்துக்கு நோவு வந்து குருத்து அழுகியபோது, அது ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. விண்ணப்பம் வாங்கக்கூட விடவில்லை. "கட்டிக்குடுக்கப் போற புள்ளைக்கு எதுக்குச் சாமி அத்தனை படிப்பு? மச்சான் வேலைல நிக்கட்டும், தை மாசம் வெச்சுக்கலாம்." ஒரு தை போனது. இரண்டாவது தையும் போனது. அவன் பெங்களூரில் தன்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான்.

அன்றைக்கு ஊரே எனக்காகக் கொதித்தது. பங்காளிகள் நியாயம் கேட்க நரசீபுரம் போனார்கள். "இவ கையால எத்தனை நாளு தின்னுருப்பான், மனசாட்சி வேண்டாமா?" என்று என் பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அந்தக் கல்யாணத்தை முறித்து என்னைக் கட்டிவைப்பதுதான் நியாயம் என்று பேசியவர்களும் உண்டு. எனக்கு அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் அது அவன் பெங்களூரில் தாலி கட்டிய நாளில் நடக்கவில்லை. விண்ணப்பம் வாங்க விடாத நாளில் நடந்தது. அன்றைக்கு ஒரு பங்காளியும் எங்கள் வாசல் ஏறி வரவில்லை. அவனைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா என்று பதினேழு வருடத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அவனையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்காமலேயே பெங்களூர் போக அவனுக்கு வழி இருந்தது.

இன்றைக்கு நான் ஒரு பாக்கு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் இந்த லட்டுக் கணக்கையும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம்.

ரசிகர்கள் போட்ட கணக்கு இது: சுட்கி லட்டு கொடுத்தாள், ஆகவே பீம் அவளுக்குக் கடன்பட்டவன், அந்தக் கடனை அவளைக் கட்டிக்கொண்டு தீர்க்க வேண்டும். கடையில் அரிசி வாங்கிய கடனை யாராவது கடைக்காரரைக் கல்யாணம் செய்து தீர்ப்பார்களா? லட்டுக்குக் கடன் என்றால் அதைக் காசாகத்தான் தீர்க்க வேண்டும். அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய இடம் டுன்டுன் மௌசியின் கல்லாப்பெட்டி. மாவு சலித்து, பாகு காய்ச்சி, லட்டு பிடித்து ஒரு பெண் கடை நடத்துகிறாள். அவளுடைய சரக்கு வருடக்கணக்காகக் காணாமல் போகிறது. அவள் கத்தினால், துரத்தினால், அது நமக்குச் சிரிப்புக் காட்சி. பொருள் பறிகொடுத்தவள் கோமாளி, தின்றவன் நாயகன். டுன்டுன் மௌசிக்கு நீதி கேட்டு ஒரு ஹேஷ்டேக்கும் என் கண்ணில் படவில்லை.

பெண்ணின் சமையல் இப்படித்தான் எப்போதும் கணக்கில் வராமல் போகிறது. அதற்கு 'பாசம்' என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க முடியாது. கூலிக்குப் பதில் என்ன கிடைக்கும்? கல்யாணம். கல்யாணம் கிடைத்தால் என்ன செய்யலாம்? இன்னும் சமைக்கலாம். சுட்கிக்கு நீதி கேட்டவர்கள் கேட்டது இதைத்தான். லட்டு கொடுக்கும் வேலையை அவளுக்கு ஆயுசுக்கும் நிரந்தரமாக்குங்கள் என்றார்கள்.

அடுத்து நிறுவனத்தின் பதில். குழந்தைகளின் வாழ்க்கைக்குள் கல்யாணத்தைக் கொண்டுவராதீர்கள் என்றது. நல்ல வார்த்தை, மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக ஒரு சிறுமியின் கையில் லட்டைக் கொடுத்து ஒரு சிறுவனின் பசியாற்ற நிற்க வைத்தது யார்? கல்யாணம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, மனைவி என்று இந்த நாட்டில் எதை எதிர்பார்க்கிறார்களோ அதையெல்லாம் அவள்மீது ஏற்றியாகிவிட்டது. அவன் வலிமை, அவள் பரிவு. அவன் அடிப்பான், அவள் ஊட்டுவாள். ரசிகர்கள் தாங்களாக எதையும் இட்டுக்கட்டவில்லை. கதை எழுதிவைத்த வாக்கியத்துக்குக் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். 2011-இலேயே ராஜுவுக்கு 'மைட்டி ராஜு' என்று தனித் தொடர் வந்துவிட்டது. 2019-இல் பீமின் கைக்குழந்தைப் பருவத்துக்கும் நெட்பிளிக்ஸில் ஒரு தொடர் வந்தது. சுட்கி முன்னால் நின்று கதையை நடத்திப்போகும் ஒரு தொடரை நானும் என் மகளும் டிவியில் பார்த்ததில்லை.

இது தோலக்பூரில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. நம் பிள்ளைகள் பார்க்கிற இன்னொரு நீண்ட தொடரான 'டோரேமா'னை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் ஜப்பானில் காமிக்ஸாகத் தொடங்கிய கதை. டோரேமான் ஏன் எதிர்காலத்திலிருந்து வருகிறான்? நோபிட்டாவின் தலைவிதியை மாற்ற. அந்தத் தலைவிதியில் தொழில் நஷ்டமும் கடனும் இருக்கின்றன. அவற்றோடு ஒரே பட்டியலில் ஜைக்கோவோடு கல்யாணமும் இருக்கிறது. ஜைக்கோ குண்டான பெண், அதனால் அவள் ஒரு தண்டனை. தலைவிதியை மாற்றினால் கிடைக்கும் பரிசு ஷிசுகா. படிப்பில் கெட்டிக்காரி, அழகி, வயலின் வாசிப்பவள். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது நோபிட்டா உள்ளே போய் விழுவது அந்தத் தொடரின் தீராத நகைச்சுவை. இத்தனைக்கும் ஜைக்கோ காமிக்ஸ் வரைகிறவள், அதற்காகவே ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டவள். அந்தக் கூட்டத்தில் தனக்கென்று ஒரு தொழிலைக் கனவு காண்கிற பெண்ணை, மாப்பிள்ளைக்கு நேரவிருந்த விபத்தாகக் காட்டித்தான் கதை தொடங்குகிறது.

'கார்ட்டூன்தானே, இதுக்குப் போய் இத்தனை பேச்சா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் தம்பியே கேட்டான். கார்ட்டூன்தான் என்றால் நீங்கள் ஏன் கொதித்தீர்கள்? பத்து வயதுகூட ஆகாத ஒரு வரைபடச் சிறுமிக்குக் கல்யாணம் தவறிப்போனதை அநியாயம் என்று உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும். ஆனால் நம் வீடுகளில் கல்யாணம் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் "யாரைக் கட்டிக்குவே கண்ணு?" என்று கேட்டு, அது வெட்கப்பட்டால் கைதட்டுகிறோம். அதே வயதுப் பையனிடம் "என்ன வேலைக்குப் போவே?" என்று கேட்கிறோம். பீமுக்கு சாகசமும் சுட்கிக்கு லட்டும் எழுதியவர்கள் ஹைதராபாத்தில் மட்டும் இல்லை. தொண்டாமுத்தூரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தினமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தொடரைப் பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த விமர்சனத்தைச் சொன்னது என் மகள்தான். தம்பி காட்டிய செய்தியை அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அவளுடைய சந்தேகம் வேறாக இருந்தது.

"ஏம்மா, லட்டு சுட்கி கையிலதானே இருக்குது? அதை அவளே தின்னா அவளுக்கு சக்தி வராதா?"

நான் பதில் சொல்லவில்லை. முப்பது வயது தாண்டியும் உடைந்த கச்சாயத்தை எடுத்துக்கொள்வது எனக்கு மாறாத பழக்கமாக இருந்தது. அவள் கேட்டது என்னைத்தான் என்று பட்டது.

ஆகவே ஒரு ரசிகையாக என் கோரிக்கைகளையும் வைக்கிறேன். டுன்டுன் மௌசிக்குப் பாக்கித் தொகையைக் கொடுங்கள். பீம் ஒருநாள் அடுப்படியில் நின்று லட்டு பிடிக்கட்டும். ஊருக்கு ஆபத்து வருகிற நாளில் சுட்கி தன் கையிலிருக்கும் லட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு முன்னால் போகட்டும். இந்துமதியும் அவளும் ஒரே பையனுக்காகப் போட்டிபோடுகிறவர்களாக இல்லாமல் சேர்ந்து ஊர் சுற்றட்டும். பெரியவளான பிறகு கட்டிக்கொள்வதா வேண்டாமா, கட்டிக்கொண்டால் யாரை என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

கதையை எழுதுகிறவர்கள் கேட்பார்களோ மாட்டார்களோ, என் வீட்டில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. தம்பி வந்தால் தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியும். முறைப் பேச்சை எடுக்கிற உறவுக்காரர்களிடம் "அந்தப் பேச்சு எங்கூட்ல வேண்டாமுங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன். முதல் இரண்டு தடவை குரல் நடுங்கியது, இப்போது நடுங்குவதில்லை. போன நோம்பிக்குக் கச்சாயம் சுட்டபோது, சட்டியிலிருந்து எடுத்த முதல் கச்சாயத்தை, முழுசாக, உடையாமல், நான் தின்றேன். இரண்டாவதை என் மகள் எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.