பேசாத் தண்டனை

அமெரிக்காவிலே ஹட்சன் நதிக்கரையில் அமைந்துள்ள வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிற் சேரும் மாணவன், பொய் சொல்வதில்லை, வஞ்சிப்பதில்லை, திருடுவதில்லை, இவற்றைச் செய்வோரைப் பொறுப்பதுமில்லை என்ற விரதத்தை மேற்கொள்கிறான். மேன்மையான விரதந்தான், ஆயினும் அதன் கடைசிப் பகுதியைக் காரணங்காட்டி மாணவர்கள் நெடுங்காலம் நடத்திவந்த ஒரு கொடுமை என் மனத்தை விட்டு அகலவில்லை.

1971-ஆம் ஆண்டில், நேரம் முடிந்த பிறகும் விடை எழுதினான் என்று அங்கே ஒரு மாணவன்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவன் மறுத்தான். மாணவர்களே கொண்ட கௌரவக் குழு அவனைக் குற்றவாளி என்றது. விசாரணை முறைப்படி நடைபெறவில்லை என்று கண்ட மேலதிகாரிகள் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டார்கள். விதிகளின்படி விடுதலை பெற்றுவிட்ட அவனுக்கு, சக மாணவர்களோ வழிவழியாக வந்த ‘மௌனம்’ என்னும் தண்டனையைத் தாங்களே விதித்து, தனி மேசையில் உண்ணவும், தனி அறையில் உறங்கவும் விட்டு, கடமை நிமித்தமன்றி ஒரு வார்த்தையும் பேசாமல், 19 மாதங்கள் அவனை உயிருள்ள பிரேதமாகவே நடத்தினார்கள். ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்து நெருப்பும் நீரும் மறுத்த நம் கிராமத்து ஊர்விலக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1973-இல் அவன் பட்டம் பெற்றுச் சென்றான். அவ்வாண்டிலேயே மாணவர்கள் அத்தண்டனையைக் கைவிட்டனர்.

இத்தனை கடுமையினால் அங்கே களவு ஒழிந்ததா? மௌன தண்டனை வழக்கிலிருந்த 1951-இலேயே, கால்பந்து வீரர்கள் பலர் உட்பட 90 மாணவர்கள், தேர்வு வினாக்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டதற்காக நீக்கப்பட்டார்கள். 1976-இலோ, தனித்தனியே செய்து தரவேண்டிய மின்பொறியியல் தேர்வைக் கூடிப் பேசி எழுதியதாகக் கண்டு, 150-க்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. எண்ணிக்கையைக் காட்டிலும், அவர்கள் கூட்டமாகவே தவறினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பொய்க்கு அஞ்சுவதைவிடத் தோழர்களின் முகத்திருப்பலுக்கு அதிகமாக அஞ்சப் பழகிய வாலிபன், அவர்கள் யோக்கியமாக இருக்கும் வரையில் தானும் யோக்கியமாக இருப்பான். அவர்கள் வழி தவறும் நாளில், அதே தனி மேசையின் பயமே அவனையும் இழுத்துச் சென்றுவிடும். விடைத்தாளைக் காட்ட மறுத்த மாணவனை விடுதியில் ஒருவரும் சீந்தாமல் விடும் வழக்கம் நம் கல்லூரிகளிலும் உண்டல்லவா? அங்கும் ஆயுதம் இதே பயந்தான்.

1976-இன் சம்பவத்தை ஆராய்ந்த, விண்வெளி வீரர் பிராங்க் போர்மன் தலைமையிலான குழு, பழியில் கல்லூரிக்கும் பங்குண்டு என்று துணிந்து கூறிற்று. வெளியேறியவர்கள் ஓராண்டு கழித்துத் திரும்ப வழி செய்யப்பட்டது. பலர் திரும்பியும் வந்தார்கள். நம் கல்லூரி முதல்வர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: தேர்வில் தவறிய மாணவனுக்கு உரிய தண்டனையை, தீர விசாரித்து, நீங்களே விதியுங்கள், அது முடிந்த மறுநாள், அவன் உண்ணும் மேசையில் மற்ற மாணவர்களையும் உடன் அமரச் செய்யுங்கள்.