கைப்பேசிக் கோபுரமும் கிள்ளான் காகமும்

இயக்குநர் ஷங்கரின் ‘2.0’ 2018-இல் வெளிவந்தது. கைப்பேசிகள் ஒன்றுசேர்ந்து இராட்சதப் பறவையாகும் காட்சி இன்றும் என்னை மிரட்டுகிறது. ஆனால், கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன என்பதை ஏற்க முடியவில்லை; அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. நண்பர்கள் பலர் அதை உண்மையென்றே நம்புகிறார்கள்.

கிள்ளானைப் பாருங்கள். காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க 1890-களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட காகங்கள், இத்தனை கோபுரங்களுக்கு நடுவிலும் பெருகியே இருக்கின்றன. அதனால் எல்லாப் பறவைகளும் நலம் என்று ஆகிவிடாது. சிட்டுக்குருவிகள் குறைவதற்குக் கூடு கட்ட இடமின்மை, பூச்சிகள் அருகியது எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

கோபுரத்தை மட்டும் குற்றவாளியாக்கினால், வெட்டப்படும் மரங்களை மறந்துவிடுவோம். மாணவர்களே, படத்தை ரசிப்போம். அது சொல்லும் அறிவியலுக்குச் சான்று கேட்போம்.