பதக்கத்தின் பின்பக்கம்



இரண்டாம் உலகப் போர்ப் பாடம் வந்தாலே நம்ம பசங்களுக்கு டாங்கிப் பேச்சுதான். அதுவும் ஜெர்மனியின் 'டைகர்' டாங்கி என்றால் தனி மவுசு. அந்த டைகரில் பேர் வாங்கியவர் மைக்கேல் விட்மன் என்ற அதிகாரி.

1944 ஜூன் 13. பிரான்சின் நார்மண்டியில் வில்லர்ஸ்-போகாஜ் என்ற சிறு ஊர். ஊருக்கு வெளியே சாலையில் பிரிட்டிஷ் படை வண்டிகள் வரிசையாக நின்றன. விட்மன் தன் டைகரோடு அந்த வரிசைக்குள் புகுந்தார். சுமார் 15 நிமிடத்தில் பத்துக்கும் மேற்பட்ட டாங்கிகளும் பல வண்டிகளும் நாசம். ஒன்பதே நாளில், ஜூன் 22 அன்று, அவரிடம் ஏற்கெனவே இருந்த நைட்ஸ் கிராஸ் பதக்கத்தோடு 'வாள்கள்' என்ற உயர்ந்த சிறப்பும் சேர்ந்தது.

"தில்லான ஆளுப்பா!" என்பீர்கள். துணிச்சல் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துணிச்சல் வேறு, வீரம் வேறு என்பது என் கருத்து. துணிச்சல் திருடனுக்கும் உண்டு. யாருக்காக, எதற்காக என்று கேட்ட பிறகுதான் வீரம் என்ற சொல்லை எடுக்க வேண்டும்.

விட்மன் இருந்தது ஹிட்லரின் எஸ்.எஸ். படையில். வில்லர்ஸ்-போகாஜ் சண்டைக்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 10 அன்று, அதே எஸ்.எஸ்.-இன் வேறொரு பிரிவு பிரான்சின் ஒரதூர்-சுர்-க்லான் கிராமத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆண்களைச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். விட்மன் அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் அவர் காப்பாற்றப் போராடியது அந்த ஆட்சியைத்தானே? 1946-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் எஸ்.எஸ்.-ஐக் குற்ற அமைப்பு என்றே அறிவித்தது.

"அவர் பாவம், உத்தரவுக்குக் கட்டுப்பட்ட சிப்பாய்" என்று சிலர் சொல்லலாம். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவருக்கு அந்த வாதம் பொருந்தும். விட்மனோ போருக்கு முன்பே, 1930-களில், தானாக விரும்பி எஸ்.எஸ்.-இல் சேர்ந்தவர்.

இன்னொன்றும் உண்டு. அப்போது ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. மக்களுக்குக் காட்ட ஒரு கதாநாயகன் வேண்டியிருந்தது. அதனால் அன்று மற்ற ஜெர்மானிய வீரர்கள் அழித்த டாங்கிகளையும் நாஜிப் பிரச்சாரம் விட்மன் கணக்கிலேயே எழுதியது. அதே நாளில் அவர் டைகரும் அடிபட்டு, அவர் அதை விட்டுவிட்டு நடந்தே போனார். அதை யாரு பெரிசா சொல்றாங்க? இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 8 அன்று அவரும் சண்டையில் இறந்தார். வில்லர்ஸ்-போகாஜோ குண்டுவீச்சில் பெரும்பாலும் இடிந்துபோனது. அந்த ஊர் ஜனங்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை.

ஜெர்மனி என்ன செய்தது தெரியுமா? அந்தப் பழைய பதக்கங்களை ஸ்வஸ்திகா சின்னம் இல்லாமல்தான் அணியலாம் என்று 1957-இல் சட்டம் போட்டது. 2008-இல் தன் வீரர்களுக்கு வீரப் பதக்கம் தேவைப்பட்டபோது, பழையதை எடுக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கியது. கொடுத்த நாடே யோசிக்கும்போது நாம் யோசிக்க வேண்டாமா?

டாங்கியைப் பற்றிப் படியுங்கள், அதன் எஞ்சினைப் பற்றிப் பேசுங்கள், தப்பே இல்லை. ஆனால் நோட்டு அட்டையில் டைகர் படம் ஒட்டுகிறவர்கள், அதன் கீழே 'ஒரதூர், 1944' என்றும் எழுதிவையுங்கள். அப்புறம் சொல்லுங்க, அது வீரமா என்று.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்