பிரிக்கச் சொன்ன சட்டம்

கனடாவில் திருச்சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அங்கே நடந்த கொடுமைகளுக்காக 2022இல் போப் பிரான்சிஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். திண்டுக்கல்லில் அதைப் படித்து உச்சுக்கொட்டியவர்களுக்கு நம் பக்கத்துக் கதை தெரியுமா? சில சமூகங்களையே குற்றவாளிகளாக முத்திரை குத்திய 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், அவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் போட அரசுக்கு அதிகாரம் தந்தது. அன்றைய சென்னை மாகாணத்து ஸ்டூவர்ட்புரத்தில் எருகுலர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பையே கிறிஸ்தவச் சபையான இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தார்கள். மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளருக்கு அதே சட்டத்தின் கீழ் முதலில் கைரேகைப் பதிவு, அதை எதிர்த்தவர்கள்மீது 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு, பிறகுதான் பள்ளிக்கூடம். அந்த வழியில் வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் திண்டுக்கல் மாவட்டத்தில் இன்றும் அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் பேச்சு 2023இல் எழுந்தபோது எதிர்த்தது யார்? அந்தச் சமூகத்தாரேதான்! அடக்க வந்ததைத் தமதாக்கிக்கொண்டவர்களின் கோபம் அது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் இணைப்பா இல்லையா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கனடா ஆணையம் அமைத்துச் சாட்சியம் கேட்டது. இங்கே அரசும் சபைகளும் அந்தக் காலத்துப் பதிவேடுகளையாவது பொதுவில் வைக்கட்டும்.